ஓடாத ஆய்ஸ்டர்குவார்ட்ஸ்: ஒரு கொள்முதலின் நிகழ்வு ஆய்வு

## எதைப் பற்றியது

பல ஆண்டுகளாக ஓடாமல் வங்கி லாக்கரில் கிடந்த ரோலெக்ஸ் ஆய்ஸ்டர்குவார்ட்ஸ் கைக்கடிகாரம் ஒன்றைச் சென்னையில் ஒரு குடும்பம் விற்க முன்வந்தது. அது குவார்ட்ஸ் வகை, அதாவது சாவிக்குப் பதில் செல்லில் ஓடி, ஒரு படிகத்தின் அதிர்வை எண்ணி நேரம் காட்டுவது. கோயம்புத்தூரைச் சேர்ந்த சேகரிப்பாளர் ஒருவர் அதை வாங்கினார். விலை பேசத் தொடங்கிய நாளிலிருந்து கடிகாரம் ஓடி, முழுப்பணமும் கைமாறி, அதன்பின் எழுந்த ஒரு மனத்தாங்கல் தீர்ந்தது வரை நடந்தவற்றை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன். இரு தரப்புக்கும் தெரிந்தவன் என்பதால் நான் நடுவில் இருந்தேன். ஒப்பந்தத்தாளை எழுதியதும் கடிகாரம் திறக்கப்பட்டபோது அருகிலிருந்து குறிப்பெடுத்ததும் என் பங்கு. சம்பந்தப்பட்டவர்களின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன்.

## பின்னணி

வாங்கியவர் ஐம்பதுகளின் நடுவில் இருப்பவர், சிறுதொழில் நடத்துகிறார். எச்.எம்.டி.யின் சாவி கொடுக்கும் கடிகாரங்களில் தொடங்கி, கை அசைவிலேயே சாவி ஏறும் பழைய சுவிஸ் தானியங்கிகள் சிலவற்றைச் சேர்த்து, கடைசியில் எழுபதுகளின் குவார்ட்ஸ் பக்கம் வந்தவர். சக சேகரிப்பாளர்கள் இதைக் கொஞ்சம் கேலியாகவே பார்த்தார்கள். நம்மூரில் குவார்ட்ஸ் என்ற சொல்லுக்கு உள்ள மதிப்பு அப்படி. எண்பதுகளில் பர்மா பஜாரில் டயலில் அந்தச் சொல் அச்சிட்ட கடிகாரங்கள் குவியலாக விற்றன. செல் தீர்ந்ததும் தூக்கிப்போட்டவர்கள் அதிகம். அதே சொல்லைத் தாங்கிய ஒரு கடிகாரத்துக்கு லட்சங்களில் விலை என்றால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

ஆனால் தொடக்கக் கதை வேறு. 1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ வெளியிட்ட அஸ்ட்ரான்தான் விற்பனைக்கு வந்த முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம். விலை 4,50,000 யென். மறு ஆண்டே சுவிஸ் நிறுவனங்கள் கூட்டாக உருவாக்கிய பீட்டா 21 என்ற மெஷின் (கடிகாரத்தின் உள்ளே ஓடும் இயந்திரம்), ஒமேகா, பட்டேக் பிலிப், ஐ.டபிள்யூ.சி. எனப் பல பெயர்களில் வெளிவந்தது. ரோலெக்ஸ் அதைத் தன் 5100 என்ற தங்கக் கடிகாரத்தில் வைத்தது. பிறகு கூட்டிலிருந்து விலகி, சொந்தமாகவே ஒரு குவார்ட்ஸ் மெஷினை உருவாக்கி 1977-இல் ஆய்ஸ்டர்குவார்ட்ஸை வெளியிட்டது. தேதி மட்டும் காட்டும் டேட்ஜஸ்ட் வகைக்கு 5035, கிழமையும் காட்டும் டே-டேட் வகைக்கு 5055 என இரண்டு மெஷின்கள். 2001 வரை இவை உற்பத்தியில் இருந்தன. மொத்தம் சுமார் 25,000 செய்யப்பட்டிருக்கலாம் என்பது சேகரிப்பாளர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. தானியங்கி ரோலெக்ஸ்கள் செய்யப்பட்ட அளவோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்.

அந்த மெஷினில் அச்சுகள் தேயாமல் சுழலப் பதித்த 11 கற்கள் உண்டு. சக்கரங்களைத் தாங்கும் பாலங்களில் ஜெனீவா கோடுகள் என்ற அலங்கார வரிகளை இழைத்திருப்பார்கள். வெப்பநிலைக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் ஏற்பாடும் உண்டு. பிற்கால மலிவு குவார்ட்ஸ்களில் மோட்டார் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றும். இதில் மோட்டாரின் அசைவு, இயந்திரக் கடிகாரத்தில் இருப்பதைப் போன்ற ஒரு கவை வழியாகச் சக்கரத்தைப் பல் பல்லாகத் தள்ளுகிறது. அதனால்தான் டிக் டிக் ஒலி இவ்வளவு உரக்கக் கேட்கிறது.

விற்ற குடும்பத்தின் தலைவர் வணிகக் கப்பலில் பொறியாளராக இருந்தவர். காலமாகிவிட்டார். மனைவியும் மகனும் சென்னையில், மகள் வெளிநாட்டில். லாக்கரை மூடும்போது கடிகாரம் வெளியே வந்தது. நாங்கள் பார்ப்பதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மகன் அதை ஒரு கடைக்குக் கொண்டு போயிருக்கிறார். கடையில் பின்மூடியைத் திறந்து, புது செல் போட்டுப் பார்த்து, முள் அசையாததால் "சர்க்யூட் போச்சு சார், இதுக்கு ஸ்பேரே வராது" என்று சொல்லிவிட்டார்கள். வேறு மெஷின் வைத்து ஓட்டித் தருவதாகவும் சொல்லியிருக்கிறார்கள். அம்மா சம்மதிக்கவில்லை. "அவர் போட்டிருந்தது அப்படியே இருக்கட்டும்" என்று திருப்பி எடுத்து வரச் சொன்னார். இந்தக் கதை முழுக்க அந்த மறுப்பின் மேல்தான் நிற்கிறது. அன்று மெஷினை மாற்றியிருந்தால் மீதி எதுவும் நடந்திருக்காது.

## முதல் பார்வையில் கண்டவை

வாங்குபவர், நான், மகன், அம்மா நால்வரும் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பார்த்தோம். திறக்கவில்லை, வெளிப்பார்வை மட்டும்தான்.

எஃகு உடல், எஃகுச் செயின், வழவழப்பான விளிம்பு. செயினைக் கழற்றியதும், அது மாட்டும் காதுகளுக்கு நடுவில் 17000 என்ற மாதிரி எண் தெரிந்தது. மறுபக்கத்தில் எழுபது லட்சத்தில் தொடங்கும் வரிசை எண், 1982-ஐ ஒட்டிய காலம். செயினின் கொக்கிக்குள் ஆண்டைக் குறிக்கும் எழுத்து ஜி, அதுவும் 1982. கணவருடைய சி.டி.சி. புத்தகத்தை, அதாவது கப்பல் பணியைப் பதியும் மாலுமிப் புத்தகத்தை, அம்மா எடுத்துவந்தார். 1983-இல் அவர் சிங்கப்பூரில் கப்பலிலிருந்து இறங்கியதற்கான முத்திரை அதில் இருந்தது. கடிகாரம் அங்கே வாங்கியதுதான் என்று அம்மாவுக்கு நினைவு. ரசீதோ பெட்டியோ இல்லை. ஆனால் உடல், செயின், புத்தகம் மூன்றும் ஒரே காலத்தைச் சொல்லின. தனித்தனியாக எதுவும் நிரூபணம் ஆகாது. மூன்றும் ஒத்துப்போனதால் சந்தேகத்துக்கு இடம் குறைந்தது.

டயலின் அடியில் "சுவிஸ்" என்ற சொல்லின் இருபுறமும் ஒளிரும் பூச்சில் கலக்கும் கதிரியக்கப் பொருளான ட்ரிட்டியத்தைக் குறிக்கும் டி எழுத்து. இருட்டில் ஒளிரும் பூச்சு டயலிலும் முள்களிலும் ஒரே பழுப்பு நிறத்தில் இருந்தது. புறஊதா டார்ச் அடித்தும் அழுத்தமான ஒளி இல்லை. ட்ரிட்டியத்தின் அரை ஆயுள் 12.3 ஆண்டு. நாற்பது ஆண்டில் அது ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும், அதன் கதிர் பட்டுப் பட்டு ஒளிரும் பொருளும் சோர்ந்திருக்கும், ஆகவே அழுத்தமாக ஒளிராததுதான் இயல்பு. பளிச்சென்று ஒளிர்ந்திருந்தால் யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்று பொருள்.

உடலின் மேல்பக்கத்தில் கோடிழைத்த பரப்பு இருந்தது, ஓரங்கள் கூர்மையாக இருந்தன. ஆய்ஸ்டர்குவார்ட்ஸின் அழகே அந்தக் கோண உடல்தான். ஒரே ஒரு முறை பாலிஷ் சக்கரத்தில் கொடுத்தாலும் ஓரம் மழுங்கிவிடும், திரும்ப வராது. மகன் விற்பதற்கு முன் பாலிஷ் போட நினைத்திருந்தார். வாங்குபவர் கையெடுத்துக் கும்பிட்டு வேண்டாம் என்றார்.

குறைகளும் இருந்தன. பின்மூடியின் பற்களில் பொருந்தாத கருவியால் திறந்த கீறல்கள். செயின் சற்றுத் தளர்ந்திருந்தது. சாவியைத் திருகி இழுத்தால் முள்கள் நகர்ந்தன, ஆனால் கனமாக, எங்கோ பிடித்துக்கொண்டு நகர்ந்தன. வாங்குபவர் இதைக் கவனித்துவிட்டு எதுவும் சொல்லவில்லை. நான் குறிப்பில் எழுதிக்கொண்டேன்.

அன்று கிடைத்த மிக முக்கியமான தகவல் கடிகாரத்திலிருந்து வரவில்லை. பேச்சுவாக்கில் அம்மா சொன்னார்: "கடைசி ரெண்டு மூணு வருஷம் ரொம்பப் படுத்துச்சு தம்பி. புது செல் போட்டா கொஞ்ச நாள் ஓடும், அப்புறம் நின்னுடும். திரும்ப செல் மாத்துவார். முன்னாடியெல்லாம் வருஷக்கணக்கா ஓடும்." வாங்குபவர் அதை இரண்டு முறை திரும்பச் சொல்லச் சொன்னார்.

## விலை பேசிய விதம்

சாவி கொடுக்கும் கடிகாரம் நின்றிருந்தால் பெரிய கவலை இல்லை. உடைந்த அச்சை நல்ல கடைசல்காரர் புதிதாகவே செய்துவிடுவார். குவார்ட்ஸில் அது நடக்காது. முடியைவிட மெல்லிய செப்புக் கம்பியாலான காயில், 1970-களின் ஒருங்கிணைந்த சுற்று, வெட்டி அடைத்த படிகம் ஆகியவற்றை யாரும் பட்டறையில் செய்ய முடியாது. ரோலெக்ஸ் தன் உதிரிபாகங்களை வெளிச்சந்தையில் தாராளமாக விடுவதில்லை. பழைய 5035 சர்க்யூட் எங்காவது தனியாகக் கிடைத்தால் அதன் விலை கடிகார விலையில் பெரும்பகுதியை விழுங்கும். ஆகவே சர்க்யூட் செத்த ஆய்ஸ்டர்குவார்ட்ஸும் சர்க்யூட் உயிருள்ள ஆய்ஸ்டர்குவார்ட்ஸும், பார்வைக்கு ஒன்றாக இருந்தாலும், இரண்டு வேறு பொருள்கள். எங்கள் மேஜையில் இருந்தது இரண்டில் எது என்று யாருக்கும் தெரியாது.

இப்படிப்பட்ட இடத்தில் வழக்கமாக நடப்பது ஒன்று உண்டு. விற்பவருக்கு அது செத்தது என்று சொல்லப்பட்டிருக்கிறது. வாங்குபவருக்கு அப்படி இல்லாமலும் இருக்கலாம் என்று உள்ளூரத் தோன்றுகிறது. செத்த விலைக்கு வாங்கிக்கொண்டு போய், இரண்டு மாதத்தில் ஓடும் படத்தைப் போட்டுப் பெருமைப்படுவார்கள். சேகரிப்பாளர் வட்டத்தில் இதற்குத் திறமை என்று பெயர். கணவர் நினைவாக ஒரு பொருளைக் காத்த பெண்ணிடம் அதைச் செய்வதை நான் அப்படிச் சொல்ல மாட்டேன். வாங்குபவரும் தானாகவே வேறு வழி கேட்டார்.

எடுத்த முடிவு: இரண்டு விலை. சர்க்யூட்டோ காயிலோ செத்திருந்தால் 1,20,000 ரூபாய். இரண்டும் உயிரோடு இருந்து, சர்வீசுக்குப் பின் ஒரு மாதம் தொடர்ந்து ஓடினால் 2,75,000 ரூபாய். குறைந்த தொகையை முதலிலேயே வங்கி வழியாகக் கொடுத்துவிடுவது. சோதனைச் செலவும் சர்வீஸ் செலவும் வாங்குபவருடையது. மெக்கானிக்கை வாங்குபவர் தேர்ந்தெடுப்பார், ஆனால் திறக்கும்போது விற்பவர் தரப்பில் ஒருவர் அருகில் இருக்கலாம். இதைத் தமிழில் ஒரு பக்கத் தாளில் எழுதி, கடிகாரத்தின் எண்களையும் படங்களையும் சேர்த்து, எல்லோரும் கையெழுத்திட்டோம். வாரிசுகள் மூவரும் விற்பனைக்குச் சம்மதிப்பதாகத் தனிக் கடிதம். மகளின் சம்மதம் மின்னஞ்சலில் வந்தது.

மகனுக்கு இது கொஞ்சம் சுற்றி வளைப்பதாகத் தோன்றியது. "ஒரே விலையா முடிச்சுடலாமே சார்" என்றார். அம்மாதான் சரி என்றார்.

## திறந்தபோது

மெக்கானிக் ஓசூரில் கடிகாரத் தொழிற்சாலையில் குவார்ட்ஸ் மெஷின் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் டாடா நிறுவனமும் கூட்டாக 1984-இல் டைட்டனைத் தொடங்கிக் குவார்ட்ஸையே நம்பி இறங்கியபின், அந்த ஊரில் இந்த வேலை தெரிந்த ஒரு தலைமுறை உருவானது. இப்படிப்பட்ட கடிகாரம் வைத்திருப்பவர்கள் பலர் தங்கள் பொருளை மும்பைக்கோ வெளிநாட்டுக்கோ அனுப்பத் துடிக்கிறார்கள். ஓசூர் பஸ்ஸில் ஏறிப் போகும் தொலைவில் இருக்கிறது.

அவர் முதலில் கடிகாரத்தைத் தொடவே இல்லை. நின்றுபோவதற்கு முன் எப்படி நடந்துகொண்டது என்று கேட்டார். அம்மா சொன்னதை நான் குறிப்பிலிருந்து படித்ததும், "சர்க்யூட் சாகணும்னா ஒரே நாள்ல சாகும் சார். கொஞ்சம் ஓடி, கொஞ்சம் நின்னு, புது செல்லுக்குத் திரும்ப எழுந்திரிச்சுச்சுன்னா, அது சர்க்யூட் வேலை இல்ல. எங்கயோ இறுக்கம்" என்றார். சாவி கனமாக நகர்ந்ததைச் சொன்னேன். தலையாட்டினார்.

பின்மூடி திறக்க நேரம் எடுத்தது. பழைய ரப்பர் வளையத்தையே கடையில் திரும்பப் போட்டு மூடியிருக்கிறார்கள். அது தார் போலக் குழைந்து மூடியின் மரைகளில் ஒட்டியிருந்தது. ஒரு இழை மெஷின் பக்கம் நீண்டு கிடந்தது, காயிலைத் தொடவில்லை. ஒவ்வொரு துணுக்காக மரக்குச்சியால் எடுத்த பிறகுதான் அடுத்த வேலைக்குப் போனார்.

மூடியின் உட்புறத்தில் பழைய மெக்கானிக்குகள் ஊசியால் கீறிவைக்கும் அடையாளம் ஒன்றே ஒன்று இருந்தது, எண்பதுகளின் கடைசியில் ஒரு தேதி. அதற்குப் பிறகு செல் மாற்றியதோடு சரி, முழு சர்வீஸ் நடந்ததற்கு அடையாளம் இல்லை. குவார்ட்ஸுக்கு சர்வீஸ் தேவையில்லை என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள். ஆனால் அதிலும் சக்கரங்கள் உண்டு, எண்ணெய் உண்டு, எண்ணெய் காயும்.

செல் இருந்த பள்ளத்தைச் சுற்றி வெண்ணிறப் பொருக்கு. தொடர்புத் தகட்டின் ஓரத்தில் லேசான பச்சை. எனக்கு வயிறு கலங்கியது. மெக்கானிக் செல்லை எடுத்துத் திருப்பிக் காட்டினார். அது ஆல்கலைன் வகை. இந்தக் கடிகாரத்துக்கு வேண்டியது 1.55 வோல்ட் சில்வர் ஆக்சைடு. இரண்டும் ஒரே அளவில் கிடைப்பதால் கடைகளில் மலிவானதைப் போட்டுவிடுகிறார்கள். ஆல்கலைன் செல் கசிவதில் பேர்போனது, உள்ளிருக்கும் காரம் செம்பைத் தின்னும். இங்கே ஒரு நல்ல செய்தியும் இருந்தது. கசிந்தது கடை போட்ட செல், அதாவது பொருக்கின் வயது அதிகம் போனால் இரண்டு ஆண்டு. அதற்கு முன் பல ஆண்டுகள் உள்ளே கிடந்த பழைய சில்வர் ஆக்சைடு செல் எந்தத் தடமும் விடவில்லை. தகடு அரிக்கப்படவில்லை, கறைதான் படிந்திருந்தது. வெள்ளை வினிகரில் முனை மட்டும் நனைத்த மரக்குச்சியால் துடைத்து, காய்ச்சி வடித்த நீரால் கழுவி, ஆல்கஹாலால் உலர்த்தினார்.

பிறகு சோதனை. செல் போடவில்லை. மேஜை மின்வழங்கியில் 1.55 வோல்ட் வைத்து, மின்னோட்டம் எல்லை மீறாதபடி தடையம் சேர்த்து, நடுவில் முள் வைத்த பழைய மைக்ரோ அம்மீட்டரை இணைத்தார். டிஜிட்டல் மீட்டர் ஏன் வேண்டாம் என்று கேட்டேன். துடிப்பு கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றார். தெரிந்தது. மீட்டரின் முள் நொடிக்கு ஒரு முறை மெல்லத் துள்ளியது.

அந்தத் துள்ளல் சொன்னதை விரித்து எழுதுவது பயன்படும். படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. சர்க்யூட் அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கி நொடிக்கு ஒன்று என்று கொண்டுவந்து காயிலுக்கு அனுப்புகிறது. நொடிக்கு ஒரு துள்ளல் தெரிகிறது என்றால் படிகம் அதிர்கிறது, வகுக்கும் பகுதி வேலை செய்கிறது, காயிலின் கம்பி அறுபடவில்லை. மின்சாரம் சம்பந்தப்பட்ட எல்லாமே உயிரோடு இருக்கின்றன என்ற முடிவுக்கு, ஒரு திருகைக்கூடக் கழற்றாமல் வந்துவிடலாம். கடையில் செல் போட்டு முள் அசையாததைப் பார்த்துச் சர்க்யூட்டைக் குற்றம் சொன்னார்கள். அசையாத முள்ளுக்கும் சர்க்யூட்டுக்கும் நடுவில் ஒரு முழுச் சக்கர வரிசை இருக்கிறது.

மகன் இதை நேரில் பார்த்தார். வாங்குபவர் உடனே அம்மாவுக்குப் போன் செய்து, "அம்மா, உயிரோடதான் இருக்கு" என்றார். பேரம் என்ற கோணத்தில் பார்த்தால் அவருடைய செலவு 1,55,000 ரூபாய் கூடிய கணம் அது.

## சர்வீஸும் ஒரு சேதமும்

சக்கரங்களைச் சுத்தம் செய்ய வேண்டுமானால் முள்களையும் டயலையும் எடுத்தாக வேண்டும். நாற்பது ஆண்டுப் பழைய ட்ரிட்டியப் பூச்சு மொறுமொறுவென்று ஆகியிருக்கும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும். மெல்லிய பிளாஸ்டிக் தாளை டயல்மேல் வைத்து, இருபக்கமும் சமமாகத் தூக்கும் நெம்புகோலால்தான் எடுத்தார். இருந்தும் நிமிட முள்ளின் பூச்சில் விரிசல் விழுந்து, நடுவில் ஒரு துண்டு உதிர்ந்தது.

அறையில் பேச்சு நின்றுபோனது. மெக்கானிக் கருவியைக் கீழே வைத்துவிட்டு, "தொடரட்டுமா, வேண்டாமா, நீங்க சொல்லுங்க" என்றார். இது யாருடைய இழப்பு என்று எங்கள் தாளில் ஒரு வரிகூட இல்லை. கடிகாரம் அந்த நிமிடத்தில் யாருடையது என்பதே தெளிவாக இல்லை. குறைந்த தொகை கொடுக்கப்பட்டுவிட்டது, மீதி நிபந்தனையில் தொங்குகிறது. மகன் முகம் சுளித்தார். வாங்குபவர், சேதம் எதுவானாலும் வேலை முடியட்டும், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றார். மகனும் ஒப்புக்கொண்டார்.

அடுத்த முடிவு முள்ளைப் பற்றியது. புதுப் பூச்சு பூசி, டயலின் நிறத்துக்குச் சாயம் கலந்து ஒப்பேற்றலாம். அதைச் செய்ய ஆட்கள் உண்டு. வாங்குபவர் மறுத்தார். ஒரு முள்ளில் மட்டும் புதுப் பூச்சு இருந்தால், அடுத்துப் பார்ப்பவர் டயலையும் சந்தேகிப்பார் என்பது அவர் காரணம். மீதமிருந்த பூச்சு மேலும் உதிராமல் இருக்க முள்ளின் அடிப்புறம் மட்டும் மெல்லிய பிசின் தடவினார்கள். உதிர்ந்த துண்டு ஒரு சிறு குப்பியில் அடைக்கப்பட்டது. ட்ரிட்டியம் தோலைத் தாண்டாத அளவுக்கு வலுவற்ற கதிர் விடுவது, ஆனால் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது. அதனால் மேஜையை ஈரத்துணியால் துடைத்த பிறகே வேலை தொடர்ந்தது.

மெஷினுக்குள் எதிர்பார்த்ததுதான். பழைய எண்ணெய் மஞ்சளாகப் பிசுபிசுத்து அச்சு முனைகளில் திரண்டிருந்தது. தேதிச் சக்கரத்தின் கீழ் இன்னும் மோசம். காயிலும் சர்க்யூட்டும் தனியே எடுத்து மூடி வைக்கப்பட்டன. சுத்தம் செய்யும் திரவம் அவற்றின் அருகே போகவில்லை. மற்ற பாகங்கள் கழுவி, உலர்ந்து, மிகக் குறைவான எண்ணெயோடு கூடின. எங்கும் உடைந்த பல்லோ தேய்ந்த அச்சோ இல்லை. புது ரப்பர் வளையம், சில்வர் ஆக்சைடு செல். நொடிமுள் நகர்ந்தது, சத்தமும் வந்தது.

## பின்னர் நடந்தது

ஒரு மாத ஓட்டம் கோவையில் வாங்குபவர் வீட்டில். தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகம் பராமரிக்கும் இந்திய நேரத்தோடு வாரம் ஒருமுறை ஒப்பிட்டுக் குறித்தார். மாத முடிவில் நான்கு நொடி முன்னால் இருந்தது. ஏ.சி. அறையில் கொஞ்ச நாள், சமையலறை அலமாரியின் வெக்கையில் கொஞ்ச நாள் வைத்துப் பார்த்தார், போக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. வெப்பத்திருத்தம் இல்லாத சாதாரணக் குவார்ட்ஸ் படிகம் 25 பாகையை ஒட்டிய வெப்பத்தில்தான் சரியாக ஓடும். 35 பாகையில் வைத்தால் நாளைக்கு 0.3 நொடி, மாதத்துக்கு ஒன்பது நொடிபோல் பின்தங்கும். இது அப்படிப் பின்தங்கவில்லை என்பதால், திருத்தும் பகுதியும் பிழைத்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டோம். நான்கு நொடியையும் சரிசெய்யலாமா என்ற பேச்சு வந்தது. மெக்கானிக் தொட மறுத்தார். ஓடும் பழைய சர்க்யூட்டில் நான்கு நொடிக்காகக் கைவைப்பதில் அவருக்கு உடன்பாடில்லை. எனக்கும்தான்.

மீதித்தொகை பேசியபடி போக வேண்டும். முள் சேதம் குறுக்கே வந்தது. மகன் தரப்பு: மெக்கானிக் உங்கள் ஆள், ஆகவே இழப்பு உங்களுடையது. வாங்குபவர் தரப்பு: பூச்சு ஏற்கெனவே மொறுமொறுத்துக் கிடந்தது, எவர் எடுத்திருந்தாலும் உதிர்ந்திருக்கும், அது பொருளின் நிலை. இரண்டிலும் நியாயம் உண்டு. சேதமில்லாத முள்ளோடு இருந்தால் என்ன விலை போகும், இப்படி இருந்தால் என்ன என்று கணக்கிட்டு, 20,000 ரூபாய் வித்தியாசம் என்று ஒப்புக்கொண்டு, ஆளுக்குப் பாதி என்று முடித்தோம். மொத்தம் 2,65,000 ரூபாய்.

இது முடிந்த சில வாரத்தில் மகளிடமிருந்து போன். இதே மாதிரிக் கடிகாரம் வெளிநாட்டில் இதைவிட அதிக விலைக்கு விற்பதைப் பார்த்திருக்கிறார். அப்பாவின் பொருளைக் குறைத்து வாங்கிவிட்டார்கள் என்ற வருத்தம். அவர் பார்த்த விலை கடைக்காரர் கேட்கும் விலை, பெட்டியும் ரசீதும் உத்தரவாதமும் சேர்ந்தது. அதைச் சொல்லி வாதாடுவதைவிட, தாளின் நகலையும் சோதனைக் குறிப்பையும் அனுப்பினேன். செத்தது என்று கடையில் சொல்லப்பட்ட கடிகாரம், சோதனைக்குப் பின் இரண்டு மடங்குக்கு மேல் விலை பெற்றதை அவர் வரிசையாகப் படித்தார். பிறகு அழைத்து, அம்மா கேட்டால் ஒரு முறை ஓடுவதைக் காட்ட முடியுமா என்று மட்டும் கேட்டார். வாங்குபவர் சென்னை வந்தபோது கொண்டு போய்க் காட்டினார்.

வாங்குபவர் பின்னர் வெளிநாட்டிலிருந்து ஒரு தனி 5035 சர்க்யூட்டை, எதிர்காலத்துக்கு இருக்கட்டும் என்று வாங்கினார். எனக்கு அதில் ஒப்புதல் இல்லை. படத்தில் பார்த்து வாங்கியது, சோதிக்கப்படாதது. ஒரு கடிகாரத்தைச் சோதிக்காமல் விலை பேச மாட்டேன் என்று நின்றவர், உதிரிபாகத்தில் அதை மறந்துவிட்டார். ஓசூரில் மீட்டரில் வைத்தபோது முள் துள்ளவில்லை.

## எது மாறியிருக்க வேண்டும்

கடையில் நடந்ததில் இரண்டு விஷயம். ஓடாத கடிகாரத்துக்குள் செல்லை விட்டுவைத்தது ஒன்று, அதுவும் ஆல்கலைன் செல். மகன் திருப்பி வாங்கும்போது செல்லை எடுத்துத் தனியே கொடுக்கச் சொல்லியிருந்தால் பொருக்கு என்ற ஆபத்தே வந்திருக்காது. மெஷின் மாற்றும் யோசனை மற்றொன்று. அதற்கு ஒப்புக்கொள்பவர்கள் கழற்றிய பழைய மெஷினையாவது கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பல வீடுகளில் அது கடையிலேயே தங்கிவிடுகிறது.

எங்கள் பக்கம், அம்மா சொன்ன வரலாறு தற்செயலாகக் கிடைத்தது. அதைக் கேள்வியாகவே கேட்டிருக்க வேண்டும்: எப்போது நின்றது, ஒரேயடியாகவா விட்டுவிட்டா, ஒரு செல் எவ்வளவு காலம் தாங்கியது, தண்ணீர் போனதுண்டா, யார் யார் திறந்தார்கள். வாங்குபவர் இப்போது இவற்றைக் கடிகாரத்தைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்கிறார்.

சோதனையையும் சர்வீஸையும் ஒரே மூச்சில் செய்ததும் சரியில்லை. மீட்டரின் முள் துள்ளியதோடு அன்றைய வேலையை நிறுத்தி, மீதித்தொகையைக் கொடுத்து, கடிகாரம் முழுவதும் வாங்குபவருடையது என்று ஆன பிறகு முள்களை எடுத்திருக்கலாம். ஒரு மாதம் ஓட வேண்டும் என்ற நிபந்தனை விற்பவர் மேல் தேவையில்லாத சுமையை வைத்தது. சர்க்யூட் உயிரோடு இருந்தால் எஞ்சியது மெக்கானிக்கின் வேலை, அதில் குடும்பத்துக்குப் பங்கில்லை. அந்த நிபந்தனையை எழுதும்போது யாருக்கும் அது உறுத்தவில்லை.

திருத்திய தாளில் இப்போது இப்படி ஒரு பகுதி இருக்கிறது: "மின்சோதனைக்காகப் பின்மூடியைத் திறப்பதால் வரும் சேதம் விற்பவரைச் சேரும். சோதனை முடிவு எழுதிக் கையெழுத்தான உடன் முழுத்தொகையும் தரப்பட வேண்டும். அதன்பின் வரும் எந்தச் சேதமும் வாங்குபவரைச் சேரும்." வாங்குபவர் இதை இரண்டு இடத்தில் நீட்டியிருக்கிறார். கார்ட்டியே டேங்க் என்ற கடிகாரத்தை விற்றவர் படித்துப் பார்த்துக் கையெழுத்திட்டார். பழைய ஒமேகா மெகாகுவார்ட்ஸ் வைத்திருந்த வியாபாரி, திறப்பதானால் வாங்கிக்கொண்டு போய்த் திறங்கள் என்று சொல்லிவிட்டார். அந்தக் கடிகாரம் இன்னும் அவரிடமே இருக்கிறது.